கழுத்து டிஸ்க் அறுவை சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்தில் டிஸ்க் கெட்டுப்போய் கை வலியோடும் மரமரப்போடும் அலைபவர்களும், ‘ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள்’ என்று சொல்லப்பட்டு யோசித்துக்கொண்டிருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. உங்களைத் தொட்டுப் பரிசோதிக்கும் மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று அல்ல. அவரிடம் போய் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

டிஸ்க் கழுத்தில் இருக்கிறது. கை ஏன் வலிக்கிறது?

கழுத்தில் 7 எலும்புகள். மேலே உள்ள முதல் இரண்டுக்கு நடுவில் டிஸ்க் கிடையாது; அதற்குக் கீழே ஒவ்வோர் இடைவெளியிலும் ஒன்று உண்டு. டிஸ்க்கின் வெளிப்பக்கம் நார் நாராக உறுதியான வளையம், உள்ளே கூழ் போன்ற பகுதி. வயதாக ஆக உள்ளே நீர்ச்சத்து வற்றி டிஸ்க் தட்டையாகும். வளையம் கிழிந்தால் உள்ளே இருப்பது பின்பக்கமாகப் பிதுங்கும். பின்னால்தான் தண்டுவடமும் அதிலிருந்து கைகளுக்குப் பிரியும் நரம்புகளும் இருக்கின்றன. நரம்பு நசுங்கினால், அது போய்ச் சேரும் இடம்தான் வலிக்கும். அதனால்தான் கழுத்தில் பெரிதாக வலி இல்லாமலேயே தோள்பட்டையின் உள்பக்கம் குடைச்சல், கை முழுக்கச் சுளீர் என்று இழுப்பது, விரல் மரத்துப்போவது எல்லாம் வருகின்றன.

பிதுங்கல் மட்டுமே காரணம் என்றும் இல்லை. தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் எலும்பு முள் போல வளர்ந்து நரம்பு வெளியே வரும் துளையை அடைக்கும். நடுவயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும்.

ஸ்கேனில் மூன்று, நான்கு இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் ஆபரேஷன்தானா?

அந்தக் காகிதத்தைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாத சுமார் 1,200 பேரின் கழுத்தை ஜப்பானில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கல் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இருந்தது. ஆக, பிதுங்கல் என்பது பல பேருக்கு நரை முடி போலத்தான், இருக்கும், ஒன்றும் செய்யாது.

ஸ்கேனில் தெரிவதும், உங்கள் உடம்பு சொல்வதும், மருத்துவர் பரிசோதனையில் கண்டதும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். வலது கையில் நடுவிரல் மரத்திருக்கிறது, ஸ்கேனில் இடது பக்கம் வேறொரு நரம்பு நசுங்கியிருக்கிறது என்றால் அந்த இடத்தை ஆபரேஷன் செய்து பயனில்லை. ஸ்கேனுக்காக அறுவை சிகிச்சை இல்லை, நரம்புக்காகத்தான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போவதென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

எந்த நரம்பு என்று எப்படித் தெரியும்?

ஓரளவு நீங்களே ஊகிக்கலாம். ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு நடுவே பிரச்சினை என்றால் (மருத்துவர்கள் சி5-6 என்பார்கள்) கட்டைவிரல் பக்கம் மரக்கும், முழங்கையை மடக்கும் தசையும் மணிக்கட்டைத் தூக்கும் தசையும் தளரும். அதற்கு அடுத்த சி6-7 என்றால் நடுவிரல் மரக்கும். கையை ஊன்றி எழும்போது முழங்கையை நீட்டும் பலம் குறைந்திருப்பது தெரியும். இன்னும் கீழே போனால் சுண்டுவிரலும் கைப்பிடியும். முதல் இரண்டும்தான் அதிகம் கெடும் இடங்கள்.

சிலர் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள், அப்போது வலி குறையும். நரம்பின் இழுவிசை தளர்வதால் அப்படி. கழுத்து நரம்புதான் காரணம் என்பதற்கு அது நல்ல துப்பு. மாறாக, கையைத் தூக்கினாலே தோள் வலிக்கிறது என்றால் தோள் மூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரவில் விரல்கள் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். குழப்பமாக இருந்தால் நரம்பு மின்னோட்டப் பரிசோதனை உதவும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இடது கை வலியோடு நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் கழுத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், உடனே இதயத்தைப் பார்க்கும் இடத்துக்குப் போங்கள்.

ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா? எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

நரம்பு நசுங்கிக் கை வலி வந்தவர்களில் பெரும்பான்மையோர் ஆபரேஷன் இல்லாமலே தேறிவிடுகிறார்கள். பிதுங்கி வெளியே வந்த பகுதியை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். அதைச் சுற்றியுள்ள அழற்சியும் அடங்கும். முதல் இரண்டு, மூன்று வாரங்கள் கொடுமையாக இருக்கும், அப்புறம் மெல்லக் குறையத் தொடங்கும். 6 முதல் 12 வாரம் வரை மாத்திரை, பிசியோதெரபி என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் வழக்கம்.

ஸ்டீராய்டு ஊசி சிலருக்கு அந்த வாரங்களைத் தாண்ட உதவும். ஆனால் கழுத்தில் போடும் ஊசிக்கு அரிதாக நடக்கும் கடுமையான பின்விளைவுகள் உண்டு என்பதால், எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே போடும் அனுபவமுள்ளவரிடம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கழுத்தைப் பட்டென்று திருப்பி நெட்டி முறிப்பது கூடவே கூடாது. நரம்பு நசுங்கியிருக்கும்போது அது நிலைமையை மோசமாக்கும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களும் உண்டு.

காத்திருக்கக் கூடாத நிலை எது?

இரண்டு. ஒன்று, கையில் பலம் குறைந்துகொண்டே போவது. வலி வேறு, பலவீனம் வேறு. வலியால் தூக்காமல் இருப்பதற்கும் தூக்க முயன்றும் தூக்க முடியாமல் போவதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது நடந்தால் வாரக்கணக்கில் பொறுத்துப் பார்க்கும் கணக்கெல்லாம் செல்லாது.

இன்னொன்று, தண்டுவடமே நசுங்குவது. இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் இதில் வலி அவ்வளவாக இருக்காது. சட்டைப் பொத்தான் போட வழக்கத்தைவிட நேரமாகும். சாவியைத் துளையில் நுழைக்கத் தடுமாறும். கையெழுத்து கோணலாகும். நடக்கும்போது கால் விறைப்பாக இருக்கும், இருட்டில் தள்ளாடும், படியில் இறங்கக் கைப்பிடியைத் தேடும். குனிந்தால் கழுத்திலிருந்து முதுகு வழியாக மின்சாரம் பாய்ந்தது போல ஓர் அதிர்வு ஓடும். சிறுநீரை அடக்க முடியாமல் போவது கடைசியில் வரும். ‘வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை முழுசாக மூடி முழுசாக விரியுங்கள், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. தண்டுவடம் நன்றாக இருப்பவரால் 10 விநாடியில் 20 தடவைக்கு மேல் முடியும். 12, 13-லேயே விரல்கள் பின்னிக்கொண்டு நின்றால் நரம்பியல் மருத்துவரைச் சீக்கிரம் பாருங்கள். விரல் மூட்டு வாதம் இருந்தாலும் எண்ணிக்கை குறையும் என்பதையும் மனதில் வையுங்கள். தண்டுவட நசுக்கத்துக்கு மாத்திரையோ உடற்பயிற்சியோ தீர்வு இல்லை. இழந்ததை முழுக்க மீட்டுத் தரும் என்று அறுவை சிகிச்சையும் உறுதி சொல்லாது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் அதன் முதல் நோக்கம். தாமதித்தால் காப்பாற்ற இருப்பதே குறைவாகிவிடும்.

எனக்குக் கழுத்து வலி மட்டும்தான். ஆபரேஷன் செய்தால் போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. கை வலிக்கு இந்த அறுவை சிகிச்சை தரும் பலன், வெறும் கழுத்து வலிக்குக் கிடைப்பதில்லை. கை வலியோ பலவீனமோ இல்லாதவரிடம் ஒருவர் அவசரமாகத் தேதி குறித்தால், இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

என்னென்ன வகை அறுவை சிகிச்சைகள் இருக்கின்றன?

அதிகம் செய்யப்படுவது, முன்பக்கமாகப் போய் டிஸ்க்கை எடுத்துவிட்டு மேல், கீழ் எலும்புகளை ஒன்றாக இணைப்பது. மருத்துவமனைக் காகிதங்களில் ஏ.சி.டி.எஃப். என்று இருக்கும். இணைப்பதற்குப் பதிலாக அசையும் செயற்கை டிஸ்க்கை வைப்பது அடுத்தது. பக்கவாட்டில் ஒரே ஒரு நரம்பு நசுங்கியிருந்தால், பின்பக்கம் சாவித்துளை போலச் சிறு வழி திறந்து நரம்பை மட்டும் விடுவிக்கலாம், எலும்பை இணைக்கத் தேவையில்லை. தண்டுவடம் பல இடங்களில் நசுங்கியிருந்தால் பின்பக்கமாகவே எலும்பு வளைவுகளைத் திறந்து அகலப்படுத்துவார்கள், அல்லது அவற்றை எடுத்துவிட்டு கம்பி, ஸ்க்ரூ போடுவார்கள்.

பின்னால் இருக்கும் பிரச்சினைக்கு ஏன் தொண்டைப் பக்கமாகப் போகிறார்கள்? உள்ளே என்ன செய்கிறார்கள்?

கேட்டதும் திகிலாகத்தான் இருக்கும். ஆனால் பின்பக்கமாகப் போனால் டிஸ்க்குக்கு முன்னால் தண்டுவடம் குறுக்கே நிற்கும், அதை நகர்த்த முடியாது. முன்பக்கத்தில் தசைகளை வெட்டாமலே விலக்கிக்கொண்டு நேராக டிஸ்க்கை அடையலாம். 1950-களில் அமெரிக்காவில் ஸ்மித், ராபின்சன் என்ற இருவரும், ஹவாயில் கிளோவர்ட் என்பவரும் இந்த வழியைத் தனித்தனியே உருவாக்கினார்கள். கருவிகள் மாறினாலும் வழி இன்றும் அதுதான்.

முழு மயக்க மருந்து கொடுத்தபின், கழுத்தின் ஒரு பக்கம், தோல் மடிப்போடு ஒட்டி 3 முதல் 5 செ.மீ. வரை கீறுவார்கள். ஆறினபின் தழும்பு அந்த மடிப்பிலேயே மறைந்துவிடும். மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒரு பக்கமும், மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை மறுபக்கமும் விலக்கினால் நடுவே முதுகெலும்பின் முன்பக்கம் தெரியும். எந்த டிஸ்க் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒன்று போலவே இருக்கும். அதனால் ஊசி ஒன்றைக் குத்தி, மேஜையிலேயே எக்ஸ்ரே எடுத்து எண்ணிப் பார்ப்பார்கள். அப்புறம் நுண்ணோக்கியின் கீழ் டிஸ்க்கைத் துண்டு துண்டாக எடுத்து, எலும்பு முட்களைச் சுரண்டி, தண்டுவடத்தின் உறை தெரியும் வரை போவார்கள். நரம்பு வெளியேறும் துளையில் சின்னக் கொக்கியை விட்டு, வழி தாராளமாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். காலியான இடத்தில் டைட்டானியம் அல்லது உறுதியான பிளாஸ்டிக்கால் ஆன ஒரு சிறு கூடு. அதற்குள் எலும்புத் துகள். பெரும்பாலும் மேலே ஒரு தகடும் ஸ்க்ரூக்களும் இருக்கும். ஒரே இடம் என்றால் சுமார் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம்.

எலும்பை இணைத்துவிட்டால் தலையைத் திருப்ப முடியாதா?

திருப்பலாம். தலையை இடமும் வலமும் திருப்பும் அசைவில் ஏறக்குறைய பாதி முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே நடக்கிறது. இந்த ஆபரேஷன் அங்கே கை வைப்பதில்லை. ஓர் இடத்தை இணைத்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியாது, வலியால் விறைத்திருந்த கழுத்து முன்பைவிட நன்றாகவே திரும்பும். மூன்று இடங்களை இணைத்தால் குறைவது தெரியும்.

செயற்கை டிஸ்க் புதுசு. அப்படியானால் அதுதானே நல்லது?

அவ்வளவு புதுசும் இல்லை. அமெரிக்காவில் கழுத்துக்கான முதல் செயற்கை டிஸ்க்குக்கு 2007-இல் அனுமதி கிடைத்தது. அசைவைக் காப்பாற்றினால் பக்கத்து டிஸ்க்குகளுக்குப் பாரம் ஏறாது என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். கை வலி குறைவதில் இணைப்புக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பல ஆய்வுகளில் மறுபடியும் ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் இதில் குறைவாக இருந்தார்கள். அந்த ஆய்வுகளில் பலவற்றுக்குப் பணம் போட்டவை அதைத் தயாரிக்கும் நிறுவனங்களே என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. பின்பக்கச் சிறு மூட்டுகள் ரொம்பவே தேய்ந்தவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், கழுத்தின் வளைவு மாறிப்போனவர்கள், எலும்புகள் நிலையில்லாமல் நகர்பவர்கள் போன்றோருக்கு இணைப்பே மேல். வைத்த டிஸ்க்கைச் சுற்றி எலும்பு வளர்ந்து, சில வருடங்களில் அதன் அசைவு நின்றுபோவதும் நடக்கிறது. என் பார்வையில், இளவயதில், ஒன்று அல்லது இரண்டு இடங்களில், மெத்தென்ற பிதுங்கல் மட்டும் உள்ளவருக்கு இது நல்ல தேர்வு. மற்றவர்கள் ‘நவீனம்’ என்ற ஒரே காரணத்துக்காக இதைக் கேட்டு வாங்க வேண்டாம்.

கை கால் விழுந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?

தண்டுவடம் பாதிக்கப்படுவது மிக அரிது. ஆனால் அரிது என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமல்ல, அதனால்தான் ஒப்புதல் படிவத்தில் அது இருக்கிறது. நடைமுறையில் அதிகம் வருவது வேறு: விழுங்கச் சிரமம். உணவுக்குழலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்திருந்ததால் வருவது அது. பலருக்கு முதல் நாட்களில் இருக்கும், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். குரல் கரகரப்பும் அப்படித்தான். குரல்வளைக்குப் போகும் நரம்பு இழுபடுவதால் வருகிறது. குரலை நம்பிப் பிழைப்பவர்கள், பாடகர், ஆசிரியர் போன்றவர்கள், இதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இவை தவிர, தண்டுவட உறை கிழிந்து நீர் கசிவது, தொற்று, உணவுக்குழலில் காயம், தோளைத் தூக்கும் நரம்பு தற்காலிகமாகச் செயலிழப்பது ஆகியவை உண்டு, அரிதாக. எலும்பு ஒட்டாமல் போவது கொஞ்சம் அதிகம், குறிப்பாகப் புகைப்பவர்களுக்கு.

ஆபரேஷனுக்கு முன் நான் செய்ய வேண்டியது?

புகையை நிறுத்துங்கள். நிக்கோட்டின் எலும்பு ஒட்டுவதையே கெடுக்கும். புகைப்பதை விடாவிட்டால் இணைப்பு ஆபரேஷனைத் தள்ளிவைக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் செய்வது சரிதான். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபாரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைச் சாப்பிடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: என் எந்த நரம்பு நசுங்கியிருக்கிறது? என் தொந்தரவுகளில் எது குறையும், எது குறையாது? இன்னும் 2 மாதம் பொறுத்தால் என்ன ஆகும்? நீங்கள் இதை எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்குக் கோபப்படுபவரிடம் கழுத்தைக் கொடுக்கத் தயங்கலாம்.

முதல் சில நாட்கள் எப்படி இருக்கும்?

அன்றே எழுந்து நடக்க வைப்பார்கள். ஓரிரு நாளில் வீடு. கை வலி பலருக்கு விழித்தவுடனேயே குறைந்திருக்கும். அதற்குப் பதிலாகத் தொண்டை வலியும், தோள்பட்டைகளுக்கு நடுவே இறுக்கமும் வரும். டிஸ்க் இருந்த இடத்தை உயர்த்தி வைத்ததால் அந்த இறுக்கம். மாத்திரையைப் பொடித்துத் தரச் சொல்லலாம், ஆனால் எல்லா மாத்திரைகளையும் பொடிக்கக் கூடாது, கேட்டுக்கொள்ளுங்கள். கஞ்சி பதத்தில் தொடங்கி, சிறு சிறு வாயாக, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் ஓரிரு நாளில் கழுத்து வீங்கி, இறுகி, மூச்சு விடச் சிரமப்பட்டால், அல்லது எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போனால், உள்ளே ரத்தம் கட்டி மூச்சுக்குழலை அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயமில்லை, உடனே ஆம்புலன்ஸ். கை கால் புதிதாகத் தளர்ந்தாலும், காய்ச்சலோடு காயத்திலிருந்து நீர் வடிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

வலி போய்விட்டது, விரல் மரமரப்பு மட்டும் இருக்கிறதே?

வலி முதலில் போகும், அப்புறம் பலம் திரும்பும், மரமரப்பு கடைசியில்தான் விலகும். சிதைந்த நரம்பு இழை திரும்ப வளரும் வேகம் நாளைக்குச் சுமார் 1 மி.மீ. கழுத்திலிருந்து விரல் நுனி வரை எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டால், மாதக்கணக்கில் ஆவது ஏன் என்று புரியும். ஒரு வருடம் தாண்டியும் இருந்தால் அது கொஞ்சம் அப்படியே தங்கிவிடலாம். ரொம்ப நாள் நசுங்கியிருந்த நரம்பு முழுசாகத் தேறுவது குறைவு.

கழுத்துப்பட்டை எவ்வளவு நாள்?

தகடு போட்ட ஒற்றை இணைப்புக்குப் பல மருத்துவர்கள் பட்டையே வேண்டாம் என்கிறார்கள், சிலர் சில வாரங்கள் போடச் சொல்வார்கள். சொன்ன நாளுக்கு மேல் நீங்களாகப் போட்டுக்கொண்டிருந்தால் கழுத்துத் தசை மெலிந்துவிடும்.

வேலைக்கு எப்போது போகலாம்? வண்டி?

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் பெரும்பாலும் 2 முதல் 6 வாரத்தில். பாரம் தூக்கும் வேலை என்றால் 3 மாதம் அல்லது அதற்கு மேல். வண்டிக்கு நாள் கணக்கைவிட முக்கியம், தலையைத் திருப்பிப் பக்கவாட்டில் பார்க்க முடிகிறதா, தூக்கம் வரவழைக்கும் வலி மாத்திரை நின்றுவிட்டதா என்பதுதான். எலும்பு முழுசாக ஒட்ட 3 முதல் 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். நடைப்பயிற்சியை முதல் நாளிலிருந்தே தொடங்கலாம்.

மறுபடியும் வருமா?

எடுத்த டிஸ்க் மறுபடியும் பிதுங்காது, அது அங்கே இல்லையே. பக்கத்து டிஸ்க்குகள் கெடலாம். 1999-இல் வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வின் கணக்குப்படி, இணைப்பு செய்துகொண்டவர்களில் ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் பேருக்கு, 10 ஆண்டுகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு, பக்கத்து இடத்தில் புதிதாகத் தொந்தரவு வந்தது. அவர்கள் எல்லோருக்கும் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டுவிடவில்லை. இது இணைப்பால் ஏற்பட்ட கூடுதல் பாரமா, எப்படியும் வந்திருக்கக்கூடிய தேய்மானமா என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.

உள்ளே உலோகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? விமான நிலையத்தில் அலாரம் அடிக்குமா?

டைட்டானியம் காந்தத்தால் இழுபடாது, எடுக்கலாம். அந்த இடத்தில் மட்டும் படம் கொஞ்சம் கலங்கித் தெரியும். எந்தப் பொருள் வைத்தார்கள் என்ற விவரம் உள்ள அட்டையை மருத்துவமனையில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்கேன் எடுப்பவரிடம் காட்டுங்கள். விமான நிலையச் சோதனையில் பெரும்பாலும் சத்தம் வராது. வந்தால் தழும்பைக் காட்டிச் சொல்லிவிடலாம்.